முப்பத்தொரு புள்ளி

உரும்பிராய் கிழக்கு,
18.10.2024

அன்புள்ள மகள் ரேச்சலுக்கு,

இங்கே நானும் அம்மாவும் எங்கள் வயதுக்கு ஏற்ற சுகத்தோடு இருக்கிறோம், அங்கே நீயும் மருமகனும் சின்னவனும் அதைவிடக் கொஞ்சம் கூடுதலான சுகத்தோடு இருக்கவேண்டும் என்று கர்த்தரிடம் கேட்டுக்கொண்டு இதைத் தொடங்குகிறேன். இரண்டு நாளைக்கு ஒருமுறை முகம் பார்த்துக் கதைக்கிற காலத்தில் அப்பா ஏன் கடிதம் எழுதுகிறார் என்று யோசிப்பாய். காரணம் இரண்டு. தொலைபேசியில் நீ ‘திட்டம் எப்பிடிப் போகுது அப்பா’ என்று கேட்பாய், நான் ‘நல்லாப் போகுது’ என்பேன், உடனே அம்மா தொலைபேசியைப் பறித்துச் சின்னவனின் இருமலை விசாரிக்கத் தொடங்கிவிடுவார். மூன்று கிழமையாக அந்த இருமலுக்குப் பின்னால்தான் ஒளிந்துகொண்டிருந்தேன். இரண்டாவது காரணம், இதனோடு ஒரு விடைத்தாளையும் கூரியரில் அனுப்பவேண்டியிருக்கிறது. அதை இப்போது விரித்துப் பார்க்காதே, முதலில் கடிதத்தை வாசித்து முடி.

வீட்டுப் புதினத்தைச் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு வலக்கண்ணில் வெண்படலம் எடுத்து ஐந்து கிழமை ஆகிறது, இப்போது நன்றாகத் தெரிகிறது, தெரிவதால் வீட்டில் உள்ள ஒட்டறை முழுவதையும் நான்தான் இத்தனை வருடமாக வளர்த்து வைத்தது போலக் கதைக்கிறார். இடக்கண்ணைத் தை மாதத்துக்குப் பிறகு பார்க்கலாம் என்று டொக்டர் சொன்னார். முன்வளவுப் பலா இந்த முறை ஏழு பழம்தான் தந்தது, அதில் மூன்றை அணில் பார்த்துக்கொண்டது. நீ அனுப்பிய விற்றமின் குளிசைகள் வந்து சேர்ந்தன, அம்மா பாதியை ஆலயத்துப் பெண்களுக்குப் பங்கிட்டுவிட்டார், இப்போது அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் முழங்கால் நோ குறைந்திருக்கிறதாம். என்னுடைய சீனி கட்டுப்பாட்டில் இருக்கிறது, அம்மாவைக் கேட்டு அதை உறுதிப்படுத்த வேண்டாம். பேர்கனில் மழை நிற்பதே இல்லை என்று நீ சொன்னபோது மிகைப்படுத்துகிறாய் என்று நினைத்தேன், மருமகன் அனுப்பிய படத்தில் யூலை மாதத்திலும் எல்லாருடைய கையிலும் குடை இருந்தது. சின்னவனைத் தலை நனையாமல் பள்ளிக்கூடம் அனுப்பு. வெறுவயிற்றில் கோப்பி குடிக்கிற பழக்கத்தை நீயும் விடு.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பங்குனி மாதம் பேர்கனில் நம்மூர்க்காரர் நடத்துகிற உங்கள் சங்கம் நிதி சேர்த்து, எங்கள் பக்கத்துத் தோட்டக்காரப் பெண்கள் பன்னிரண்டு பேருக்கு ஒரு வருட விவசாயப் பயிற்சி கொடுப்பது என்று தீர்மானித்துப் பொறுப்பை என் தலையில் வைத்தபோது நீ சொன்னது அப்படியே நினைவிருக்கிறது. ‘அப்பா, ஆரின்ரை ஆளையோ எடுத்தது எண்டு ஆரும் சொல்லேலாதபடி நீதியாத் தெரிவு செய்யுங்கோ’ என்றாய். கிழமைக்கு மூன்று நாள் வகுப்பு, வகுப்புக்கு வருகிற நாளில் கூலியை இழக்காதபடி ஒரு கொடுப்பனவு, முடிவில் சான்றிதழும் ஆளுக்கொரு நீர் இறைப்பு மெஷினும் என்பது ஏற்பாடு. பயிற்சி நிலையத்தில் பன்னிரண்டு பேருக்கு மேல் ஒருவரைக்கூட எடுக்கமாட்டார்கள், அவர்களிடம் இருக்கும் இடமும் கருவிகளும் அவ்வளவுதான். விண்ணப்பமோ அறுபத்துநாலு வந்தது. முப்பத்தெட்டு வருடம் பள்ளிக்கூடத்தில் கழித்த மனிதனுக்கு நீதியாகத் தெரிவு செய்ய ஒரே ஒரு வழிதான் தெரியும். சோதனை வைத்தேன். தெரிவுக் குழுவில் என்னைப் போல ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் இருவர், கமக்காரர் அமைப்பின் தலைவர் ஏரம்பு, நான் ஆக நாலு பேர். ஏரம்பு மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. ‘தோட்டக்காரியைக் கண்டுபிடிக்கச் சோதினை என்னத்துக்கு மாஸ்ரர், விடிய ஆறு மணிக்குத் தோட்டத்திலை போய் நிண்டு பாத்தால் தெரியாதோ’ என்று கேட்டார். மற்ற மூவரும் சிரித்தோம். அவர் பள்ளிக்கூடப் பக்கம் அதிகம் போகாதவர் என்பதை நினைத்துச் சிரித்தோம் என்று எழுதினால்தான் அது உண்மையாக இருக்கும். மூன்றுக்கு ஒன்று என்று தீர்மானம் நிறைவேறியது.

வினாத்தாளை நானே தயாரித்தேன். இருபது வினா, வினாவுக்கு ஐந்து புள்ளி, இரண்டு மணித்தியாலம். திணைக்களக் கைநூல்களை வைத்துக்கொண்டு பத்து நாள் இருந்தேன், மண்ணின் அமிலத்தன்மை, நாற்றுமேடையின் நீள அகலம், பீடைநாசினிகளின் வகைப்பாடு என்று ஒரு குறையும் வைக்கவில்லை. அறிவித்தல் போட்டு ஒரு கிழமைக்குள் சந்தியில் ரியூட்டரி நடத்துகிற சிவகரன் ஒரு துண்டுப்பிரசுரம் அடித்துவிட்டான். ‘மகளிர் விவசாயப் புலமைப்பரிசில், இறுதிக்கட்ட மீட்டல் வகுப்பு, எதிர்பார்க்கை வினாக்கள் வழங்கப்படும்.’ வினாத்தாளைத் தயாரித்துக்கொண்டிருந்த எனக்கே தெரியாத எதிர்பார்க்கை வினாக்கள் அவனிடம் இருந்தன, அவற்றில் ஏழு பிறகு சரியாகவும் வந்தன. அவனும் அதே கைநூல்களைத்தான் வாசித்திருக்கிறான். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. நம்முடைய சோதனைக்கும் ரியூசன் வைக்கிறார்கள் என்று உள்ளுக்குள் ஒரு பெருமைதான் வந்தது. ஊரில் இப்படித்தான் மகள், நேசையா மாஸ்ரர் சோதனை வைக்கிறார் என்றால் அது எதற்கான சோதனை என்று ஒருவரும் கேட்பதில்லை, எத்தனையாம் திகதி என்றுதான் கேட்பார்கள்.

யூலை இருபத்தேழு சனிக்கிழமை ஆலய மண்டபத்தில் அறுபத்தொரு பேர் எழுதினார்கள். மேசைக்கு மேசை சுட்டெண் ஒட்டி, சுவர் மணிக்கூட்டைச் சரிபார்த்து, ஓய்வு பெற்ற பதினொரு வருடத்துக்குப் பிறகு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மேசைகளுக்கு இடையில் நடந்தேன். அன்று எனக்கு மிகவும் சந்தோஷமாக இருந்தது. விடைத்தாளில் பெயர் இல்லை, சுட்டெண் மட்டும்தான், ஆகவே எவருடைய தாளை எவர் திருத்துகிறோம் என்று ஒருவருக்கும் தெரியாது. புள்ளியைக் கூட்டி, இரண்டு முறை சரிபார்த்து, வெளிப்படையாக இருக்கவேண்டும் என்று அறுபத்தொரு பேரின் பெயரையும் புள்ளியையும் மண்டபத்து அறிவித்தல் பலகையில் ஒட்டினோம். முதலாவதாக வந்தது தொண்ணூற்றிரண்டு புள்ளி எடுத்த நம்முடைய தனுசியா, வட்டுக்கோட்டைச் சித்தப்பாவின் மகள். சித்தப்பா அன்று ஒரு கேக் வாங்கிக்கொண்டு வந்தார். பன்னிரண்டாவது ஆளுக்கு எழுபத்துநாலு. பன்னிரண்டு பேரில் பத்துப் பேர் உயர்தரம் முடித்து அரசாங்க வேலைக்குக் காத்திருக்கிற பிள்ளைகள், தோட்டம் செய்கிறவர்கள் இருவர் மட்டும். எங்கேயும் நீதி பிசகவில்லை, அதுதான் கரைச்சல். பட்டியலை உனக்கு அனுப்பியபோது ‘சங்கத்திலை எல்லாருக்கும் நல்ல சந்தோசம் அப்பா’ என்று நீ எழுதினாய், நானும் அதை இரண்டு மூன்று பேருக்குக் காட்டினேன்.

புரட்டாதி இரண்டாம் கிழமைவரை வகுப்பெல்லாம் கட்டடத்துக்குள்ளே நடந்தது, ஒரு குறையும் தெரியவில்லை. எல்லாரும் நேரத்துக்கு வந்தார்கள், அழகாகக் குறிப்பு எழுதினார்கள். செப்டெம்பர் இருபத்தைந்தாம் திகதிதான் முதல் முறையாகத் தோட்டத்தில் வகுப்பு. ஏரம்பு தன்னுடைய தோட்டத்தில் நாலு பரப்புக் காணியை அதற்கு விட்டிருந்தார், நிலத்தைக் கொத்திப் பண்படுத்த ஒரு கூலியாளையும் நிதியிலிருந்து பிடித்திருந்தோம். நான் வரவுப் பதிவேட்டோடு போயிருந்தேன். படிப்பிக்க வந்தவள் பிரதீபா, விவசாயப் போதனாசிரியை, முப்பது வயது இருக்கும், தேவைக்கு மேல் ஒரு சொல் கதைக்காத பிள்ளை. பன்னிரண்டு பேரும் குடையும் கொப்பியுமாக வரிசையில் நிற்க, மிளகாய் நாற்றுமேடையைப் பற்றி அவள் விளக்கினாள், கேட்ட கேள்விகளுக்கெல்லாம் நம்முடைய பிள்ளைகள் நீளம், அகலம், உயரம் என்று ஒப்புவித்தார்கள். பிறகு மண்வெட்டியை நீட்டி, இனி ஒரு வாய்க்காலை வெட்டுங்கள் பார்ப்போம் என்றாள். முதலாம் ஆள் என்பதால் தனுசியாதான் வாங்கினாள். கால் மணித்தியாலம் கழித்து அங்கே இருந்தது வாய்க்காலும் இல்லை, பாத்தியும் இல்லை. தனுசியாவே சிரித்துவிட்டாள்.

கூலிக்கு வந்திருந்த பெண் அப்போது வேலியோரம் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். பிரதீபா அவளைப் பார்த்து, ‘அக்கா, நீங்கள் ஒருக்காச் செய்து காட்டுறியளோ’ என்று கேட்டாள். அவள் வந்து, நிலத்தை ஒருமுறை குனிந்து பார்த்து, தனுசியா வெட்டியதை மூடிவிட்டு மற்றப் பக்கத்திலிருந்து வெட்டிக்கொண்டு போனாள். ஏரம்பு மெஷினைப் போட்டார். தண்ணீர் தலைப்பாத்தியிலிருந்து கடைப்பாத்தி வரையும் எங்கேயும் தேங்காமல் போனது. அதற்குப் பிறகு நடந்ததுதான் வகுப்பு. பன்னிரண்டு பேரும் பிரதீபாவை விட்டுவிட்டு அவளைச் சுற்றி நின்று கேள்வி கேட்டார்கள், அவள் சொல்வதைக் கொப்பியில் எழுதினார்கள், தனுசியா தொலைபேசியில் படம் பிடித்தாள். கொப்பியில் எழுதிய எல்லாருக்கும் அன்றைக்குக் கொடுப்பனவு உண்டு, சொல்லிக்கொடுத்தவளுக்குக் கொத்திய கூலி. பிரதீபா என்னிடம் வந்து, ‘சேர், இவ ஏன் வகுப்பிலை இல்லை’ என்று கேட்டாள். சோதனையில் எடுபடவில்லை என்றேன். நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்தாளோ தெரியாது, மண்வெட்டியை எடுத்துக்கொண்டு அடுத்த பாத்திக்குப் போய்விட்டாள். அந்தப் பெண்ணுக்கு அது கேட்டிருக்கிறது. ஒரு மனக்குறையும் காட்டாமல், ‘ஓம், நான் எழுதினனான். முப்பத்தொண்டு. பலகையிலை போட்டிருந்ததாம், மகள்தான் பாத்திட்டு வந்து சொன்னவள்’ என்றாள். மகள் இந்த வருடம் உயர்தரம் எழுதுகிறவள். சக மாணவிகளோடு நின்று அந்தப் பலகையைப் பார்த்திருப்பாள்.

அவளுடைய பெயர் சுபாஜினி. வீட்டுக்கு வந்து சொன்னபோது அம்மாவுக்கு நினைவிருந்தது. ‘சோதினைக்குத் தோட்டத்தாலை நேரை வந்து, குழாயடியிலை கால் கழுவிப்போட்டு ஏறினவள், நான்தான் பேனை குடுத்தனான்’ என்றார். நாற்பத்திரண்டு வயது. தொண்ணூற்றைந்தாம் ஆண்டு எல்லாரும் இடம்பெயர்ந்து தென்மராட்சிக்கு நடந்தபோது எட்டாம் வகுப்பு, திரும்பி வந்தபோது தகப்பன் படுக்கையில், அதோடு மண்வெட்டியைத் தூக்கியவள். புருஷனுக்கு மேசன் வேலை, வேலை உள்ள நாளில் வருமானம். இவள் மூன்று பரப்பைக் குத்தகைக்கு எடுத்து வெங்காயம் வைக்கிறாள், மிச்ச நாளில் மற்றவர்களுடைய தோட்டங்களில் கூலிக்கு நிற்கிறாள், மருந்தடிக்கவும் அவளைத்தான் கூப்பிடுகிறார்கள். மருந்தடி எங்கள் பக்கத்தில் ஆண்பிள்ளைகளின் வேலையாக இருந்தது, ஆண்பிள்ளைகள் வெளிநாடு போகப் போக அது இவளைப் போன்றவர்களின் முதுகில் ஏறிவிட்டது. கடந்த பங்குனியில் மருந்தடித்துவிட்டு வீட்டுக்கு வந்து சத்தி எடுத்து, இரண்டு நாள் ஆசுப்பத்திரியில் இருந்திருக்கிறாள், இதை ஏரம்புதான் சொன்னார். கைவிரல்களில் தோல் உரிந்து உரிந்து வருவதை நான் அன்று தோட்டத்திலேயே கண்டேன். வருகிற தை பிறந்தால் வெங்காயத்துக்கு மறுபடியும் மருந்தடி தொடங்கிவிடும்.

அன்று மத்தியானமே அலுமாரியைத் திறந்து விடைத்தாள் கட்டை அவிழ்த்தேன். அவளுடைய சுட்டெண் நாற்பத்தேழு, நான் திருத்திய கட்டுக்குள் இருந்தது. எழுத்துப் பெரிது பெரிதாக, கோட்டை விட்டு ஏறி இறங்கி. வெங்காயம் நட்டு எத்தனை நாளில் அறுவடை என்று நான்காம் வினாவில் கேட்டிருந்தேன், கைநூலில் ஒரு கணக்கு இருக்கிறது. அவள் எழுதியிருந்தது, ‘வெங்காயத் தாள் சாயேக்கை. விலை நல்லா இருந்தால் ரெண்டு நாள் முந்தி.’ நான் கேட்டது நாட்கணக்கு என்பதால் பூச்சியம். இப்படியே ஆறு ஏழு வினாக்கள். ஒன்பதாம் வினாவுக்கு அவள் எழுதியதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். வாசித்து முடித்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. அந்தத் தாளை நான் திருத்தியது யூலை முப்பதாம் திகதி, அப்போது ஒரு வெட்கமும் வரவில்லை, ஆறு நிமிடத்தில் திருத்தி அடுத்த தாளை எடுத்திருக்கிறேன்.

இடம் பன்னிரண்டுதான், ஒருவர் எழும்பினால்தான் ஒருவர் இருக்கலாம். பிறத்தியார் பிள்ளையை எழுப்ப எனக்கு உரிமை இல்லை, அதனால் அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து நேரே வட்டுக்கோட்டைக்குப் போனேன். தனுசியாவிடம் சுற்றி வளைக்காமல் கேட்டேன். அந்தப் பிள்ளை பொய் சொல்லத் தெரியாதவள். ‘பெரியப்பா, நான் சோதினைக்குத்தான் வந்தனான், தோட்டத்துக்கு வரேல்லை. சேட்டிபிக்கற் இருந்தால் இன்ரவியூவிலை ரெண்டு புள்ளி கூடப் போடுவினம் எண்டு சொன்னவை’ என்றாள். விட்டுக்கொடுக்கிறாயா என்று கேட்டதற்கு ‘ஓம்’ என்று உடனேயே சொல்லிவிட்டாள், வாய்க்கால் வெட்டிய அன்றைக்கே யோசித்துவிட்டாள் போலிருக்கிறது. சித்தப்பாதான் விடவில்லை. ‘முதலாம் பிள்ளையை எழுப்பிப்போட்டு முப்பத்தொரு புள்ளிக்காரியை இருத்துறது எந்த ஊர் நீதி அண்ணை, என்ரை பிள்ளை எண்டபடியால்தானே கை வைக்கிறியள்’ என்று கேட்டார். அவர் சொன்னதில் பிழை இல்லை, அவருடைய பிள்ளை என்றபடியால்தான் கை வைத்தேன். அதற்குப் பிறகு அவர் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. அம்மாவுக்கு அது மிகுந்த கவலை. நீ அவருக்கு ஒருமுறை எடுத்துக் கதை, இந்த விஷயத்தைத் தொடாமல் அவருடைய பிறஷரை மட்டும் விசாரி.

இடம் கிடைத்துவிட்டது, சுபாஜினிக்குச் சொன்னால் சரி என்று நினைத்துக்கொண்டு அவளுடைய வீட்டுக்குப் போனேன். கதிரை போட்டு இருத்தினாள், தேத்தண்ணி தந்தாள், நான் சொன்னதை முழுவதும் கேட்டாள், பிறகு வரமாட்டேன் என்றாள். ‘பெயில் விட்ட ஆளை எப்பிடிச் சேர் சேர்ப்பியள். நாளைக்கு அதிலை இருக்கிற பிள்ளையளே கதைக்குங்கள். என்ரை மகளுக்கும் வெக்கம்’ என்றாள். நீதி நியாயம் என்று நான் அரை மணித்தியாலம் கதைத்தேன். கடைசியில், ‘எனக்குத் திருப்பி ஒருக்காச் சோதினை வையுங்கோ. பாஸ் எண்டால் வாறன், இல்லாட்டி உந்தக் கதையை விடுங்கோ’ என்றாள். ரேச்சல், சோதனையே பிழை என்று ஒப்புக்கொள்ளப் போன என்னிடம் அவள் கேட்டது இன்னுமொரு சோதனை. எழுபத்தொரு வயதில் இன்னொரு சோதனைக்குத் திகதி கேட்டுக்கொண்டு எழும்பினேன்.

அதனால் ஒக்ரோபர் ஒன்பதாம் திகதி காலை, அவளுடைய குத்தகைத் தோட்டத்தில் வைத்தோம். வினாக்கள் என்னுடைய அதே இருபதுதான், மாற்றவில்லை, ஆனால் கேட்டது பிரதீபா, கேட்டது நாங்கள் கதைக்கிற தமிழில். ஏரம்பு சாட்சி. என்னை வாய் திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள், குடையைப் பிடித்துக்கொண்டு வரம்பில் நின்றேன். நாற்றுமேடை எவ்வளவு அகலம் என்பதற்குச் சுபாஜினி இரு பக்கமும் நின்று கையை நீட்டிக் காட்டினாள், பிரதீபா நாடாவால் அளந்தாள், கைநூல் சொன்ன அளவுக்கு இரண்டு அங்குலம்தான் வித்தியாசம். சிலது அவளுக்குத் தெரியவில்லை, தெரியாது என்றாள், புள்ளி போடவில்லை. மண்ணின் அமிலத்தன்மைக்கும் பூச்சியம்தான். ஒன்பதாம் வினாவுக்கு வந்தபோது, மருந்துப் போத்திலில் இருக்கிற நிறக் கோடுகள் எதைச் சொல்கின்றன என்று பிரதீபா கேட்டாள். சுபாஜினி கொஞ்சம் யோசித்துவிட்டு, ‘உதுக்கு நான் அண்டைக்கு எழுதினதுதான் மறுமொழி’ என்றாள். அன்றைக்கு என்ன எழுதினாள் என்று பிரதீபா என் பக்கம் திரும்பினாள். விடைத்தாள் என் பையில் இருந்தது, எடுத்துக் கொடுத்தேன், அவள் சத்தமாக வாசித்தாள். இப்போது நீ அதை எடுத்துப் பார்க்கலாம். வாசிக்கக் கஷ்டமாக இருக்கும் என்பதால் இங்கேயும் எழுதுகிறேன். ‘சிவப்பு மஞ்சள் நீலம் கண்டிருக்கிறன். என்னத்துக்கு எண்டு தெரியாது. போத்திலிலை தமிழிலை எழுதியிருக்கு ஆனால் விளங்காத தமிழ். அடிக்கிறது நான்தான். அதைப் படிக்கத்தான் கேட்டு வாறன்.’

பிரதீபா தாளை மடித்து என்னிடம் தந்துவிட்டுத் தன்னுடைய கொப்பியில் ஐந்து என்று எழுதினாள். ஐந்துக்கு ஐந்து. மொத்தம் எழுபத்தெட்டு. சுபாஜினி முதலில் கேட்டது, மற்றப் பட்டியலில் கடைசியாளுக்கு எத்தனை என்பதைத்தான். எழுபத்துநாலு என்றதும், ‘அப்ப சரி, வாறன்’ என்று சொல்லிவிட்டு மண்வெட்டியை எடுத்தாள், எங்களுக்காக அரை நாள் வேலையை விட்டிருந்தாள். போன திங்கட்கிழமையிலிருந்து வகுப்பில் இருக்கிறாள். மூன்றாவது வரிசையில், ஜன்னலோரம்.

நீ கணக்கில் கெட்டிக்காரி, நான் சொல்லாமலே கண்டுபிடித்திருப்பாய். அந்த ஐந்தை எடுத்துவிட்டால் எழுபத்துமூன்று, ஒரு புள்ளி குறைவு. விடை தெரியாது என்று எழுதியதற்கு எப்படி முழுப் புள்ளி என்று உங்கள் சங்கத்தில் யாராவது கட்டாயம் கேட்பார்கள், சித்தப்பா ஏற்கெனவே அங்கே இரண்டு பேருக்குத் தொலைபேசி எடுத்துவிட்டார் என்றும் கேள்விப்பட்டேன். பட்டியலை மாற்றுவதானால் சங்கத்தின் கடிதம் வேண்டும் என்று உங்கள் விதியில் இருக்கிறது, பயிற்சி நிலையம் இந்த மாதம் முப்பத்தோராம் திகதி பதிவை மூடுகிறது. அதற்கு முன் கடிதம் மின்னஞ்சலிலாவது வராவிட்டால் அவளை எழும்பச் சொல்லவேண்டியவன் நான்தான். ஒருமுறை பலகையில் போட்டாயிற்று, இன்னொருமுறை வகுப்பிலிருந்து எழுப்ப என்னால் முடியாது, அப்படி வந்தால் பொறுப்பை வேறு ஆளிடம் கொடுத்துவிடுங்கள். இதை மிரட்டலாக எடுக்காதே, முடியாது என்பதைச் சொல்கிறேன், அவ்வளவுதான். பலகையில் ஒட்டிய பட்டியலை நேற்றுப் போய் நானே உரித்தேன், பசை நல்ல பசை, பலகையோடு கொஞ்சம் நிற்கிறது.

அடுத்த வருடத்துக்கும் நிதி சேர்ப்பதாகச் சொன்னாய். சேருங்கள். ஆனால் தெரிவை ஏரம்புவிடமும் பிரதீபாவிடமும் விட்டுவிடுங்கள், விடிய ஆறு மணிக்கு அவர்கள் போய்ப் பார்க்கட்டும். நான் வரவுப் பதிவேட்டை வைத்துக்கொள்கிறேன், அது எனக்கு வரும்.

மருமகனுக்கு எங்கள் அன்பு. சின்னவனுக்கு அம்மாவின் முத்தங்கள், எத்தனை என்று அவர் சொன்ன தொகையை எழுத இடம் போதாது. கர்த்தர் உங்கள் மூவரையும் காத்து, போகும்போதும் வரும்போதும் கூட இருப்பாராக. ஒன்றை மட்டும் மறக்காதே. சங்கக் கூட்டத்தில் அந்த ஒன்பதாம் விடையை முழுவதும் வாசி, வாசித்துவிட்டு அதற்குப் பக்கத்தில் சிவப்பு மையில் இருப்பதையும் வாசி. அப்பாவுடைய எழுத்து என்பதற்காக அதை விட்டுவிடாதே. ‘வினாவுக்குரிய விடை அன்று. 0.’

என்றும் உன் அன்புள்ள அப்பா,
நேசையா